பூட்டும் கையா, படைக்கும் கையா?

ஆரணியில் ஒரு பட்டுப்புடவை உருவாகப் பல கைகள் கூடுகின்றன. கச்சாப் பட்டு கருநாடகத்திலிருந்து வந்தாலும், நூலை முறுக்குவோரும் சாயம் தோய்ப்போரும் பாவு ஓடுவோரும் நெய்வோரும் இவ்வூர்ப் பகுதியினரே. நெய்யக் கொடுக்கும் முதலாளி ஒருவர் விலகினாலும் தொழிலறிவு ஊரைவிட்டு அகல்வதில்லை. கைப்பேசித் தொழிலைப் பற்றியும் இவ்வாறு கூற இயலுமா?

1995ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு பேசப்பட்டது. அன்று அது செல்வர்களின் கருவி. கோபுரங்களை நிறுவுவது சேவை நிறுவனங்களின் பணி. எனினும், எளியோர் வாங்கத்தக்க கருவி இல்லையேல் அக்கோபுரங்களால் பயன் சிறிதே. 2003இல் வெளிவந்த நோக்கியா 1100, கைவிளக்குடனும் தூசி புகாத விசைப்பலகையுடனும் சிற்றூர்களை எட்டியது. தொலைத்தொடர்பு பரவியதில் கருவி உற்பத்தியாளர்க்கும் பெரும்பங்கு உண்டு என்பதற்கு அதுவே சான்று.

அந்நிறுவனம் 2006இல் திருப்பெரும்புதூரில் ஆலை தொடங்கியது. ஒரு காலத்தில் ஏறத்தாழ 8,000 பேர் அங்குப் பணியாற்றினர். பின்னர்த் திறன்பேசிப் போட்டியில் நிறுவனம் பின்தங்கியது. 2014 ஏப்ரலில் அதன் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாப்டு வசமானபோது, வரி வழக்கின் காரணமாக இவ்வாலை அவ்விற்பனையில் சேரவில்லை. அதே ஆண்டு நவம்பர் முதல் நாளில் உற்பத்தி நின்றது. தொழிலாளரின் கைத்திறன் குறையவில்லை. வடிவமைப்பும் சந்தையும் முடிவெடுக்கும் உரிமையும்தாம் வேறிடத்தில் இருந்தன.

உறுப்புகளைப் பூட்டும் வேலையை இழிவாகக் கருதலாகாது. முதன்முதலாகத் தம் பெயரில் ஊதியம் பெற்ற பெண்கள் பலர்க்கு அது தன்மதிப்பைத் தந்தது. தறியின் வருவாய் போதாமையால் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஆலைகளை நாடுவதும் இயல்பே. ஆனால், பூட்டுவதோடு நின்றுவிட்டால் 2014இன் துயரம் மீண்டும் நேரலாம். இன்று திருப்பெரும்புதூர்ப் பகுதியில் ஐபோன்கள் உருவாகின்றன. எனினும், அவற்றின் வடிவமைப்பும் இயக்கச் சில்லுகளும் அயல்நாட்டிலிருந்தே வருகின்றன.

2025இல் ஒன்றிய அரசும் தமிழ்நாடு அரசும் மின்னணு உதிரிபாக உற்பத்திக்குத் தனித்திட்டங்களை வகுத்திருப்பது வரவேற்கத்தக்கது. அதனோடு, பலதொழில்நுட்பக் கல்லூரிகளில் வடிவமைப்புப் பயிற்சியும், ஆலைத் தொழிலாளர் மேற்கல்வி பெறும் வாய்ப்பும் அமைதல் வேண்டும். ஓர் ஆலைக்கு எத்தனை ஏக்கர் நிலமும் எவ்வளவு வரிச்சலுகையும் அளித்தோம் என்பதோடு, அது நம் மக்களுக்கு எவ்வளவு அறிவை விட்டுச் செல்லும் என்பதையும் ஒப்பந்தத்தின்போதே கேட்க வேண்டும்.

மாணவர்களே! உங்கள் கைப்பேசியின் பின்புறத்தில் ‘இந்தியாவில் தயாரிக்கப்பட்டது’ என்றிருந்தால் மகிழுங்கள். அதன் எப்பகுதி இங்குச் சிந்திக்கப்பட்டது என்றும் வினவுங்கள்.