வாஷிங்டன் வாத்தியார்களே, சிலியில் என்ன நடந்தது?



உலகத்துக்கே ஜனநாயகப் பாடம் எடுக்குறாங்களே, அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: 1973 செப்டம்பர் 11 அன்னைக்கு சிலியில என்ன நடந்துச்சு?

மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் 1970இல் அலெண்டே அதிபரானார். துப்பாக்கி தூக்கி வரவில்லை. அமெரிக்கக் கம்பெனிகள் கையில் இருந்த தாமிரச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கினார். அதுதான் அவர் செய்த 'குற்றம்'! எதிர்க்கட்சிகளுக்கும் பத்திரிகைக்கும் சிஐஏ பணம் பாய்ந்தது. (நாம கட்டிவிட்ட கதை இல்லீங்க, 1975இல் அமெரிக்க செனட் குழுவே வெளியிட்ட அறிக்கை!) கடைசியில் அதிபர் மாளிகை மீதே ராணுவம் குண்டு வீசியது. பினோசே ஆட்சியில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் 3,000 பேருக்கு மேல்.

அதே 1973இல் கிஸ்ஸிங்கருக்கு அமைதிக்கான நோபல் பரிசு! அவரோடு சேர்த்து அறிவிக்கப்பட்ட வியட்நாமின் லே டக் தோ, வேண்டாம் என்று மறுத்துவிட்டார். மானமுள்ள மனிதர்.

கலாமா ஊர்ப் பெண்கள், தங்கள் வீட்டு ஆம்பளைகளோட எலும்பைத் தேடி அட்டகாமா பாலைவனத்தை வருஷக்கணக்கா தோண்டினாங்க. கையில மண்வெட்டி, எதிரே பினோசே ராணுவம். மனித உரிமைப் போராளின்னா அவங்கதான்!

அடுத்த தடவை வெள்ளை மாளிகை உபதேசம் டிவியில ஓடுறப்போ, பக்கத்துல இருக்குறவங்ககிட்ட இந்தப் பெண்களைப் பத்தி சொல்லுங்க.