பழகப் பழக இனிக்குமா?

திருமலைராயன்பட்டினம் பக்கத்துத் தோழர் ஒருவர் நமக்கு ஒரு சங்கதி எழுதிக் கேட்கிறார். அவர்கள் ஊர்ப் படிப்பகத்துக்கென்று வீடு வீடாய் ஏறி இறங்கிப் பத்தும் இருபதுமாய் வசூல் செய்து, கூட்டங்களுக்காக ஒரு ஒலிபெருக்கி செட்டு வாங்கினார்களாம். ஆம்ப்ளிபையர் ஒன்று, ஸ்பீக்கர் பெட்டி இரண்டு, கம்பி ஒரு சுருள். கொண்டுவந்து வைத்துப் பேசிப் பார்த்தால், தகரத்தைத் தட்டினாற்போல் சத்தம் காதைக் குத்துகிறதேயொழிய வார்த்தை பிரியவில்லை. கடைக்காரரிடம் போய் முறையிட்டதற்கு அவர், "புது செட்டு அப்படித்தான் இருக்கும் தம்பி, இருநூறு மணி நேரம் ஓட விடுங்கள், பழகிவிடும், அப்புறம் தேன் மாதிரி இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். காத்திருப்பதா, செட்டைத் திருப்பிக் கொடுப்பதா என்பது தோழரின் கேள்வி. திருப்பிக் கொடுக்கக் கடையார் விதித்திருக்கும் கெடு 15 நாள்.

கெடுவைக் கேட்டதும் நாம் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தோம். மாலையில் இரண்டு மணி நேரம் வீதம் ஓட்டினால் 200 மணி நேரத்துக்கு 100 நாள் ஆகும். அதாவது தேன் வருகிறதா இல்லையா என்று தெரிவதற்கு 85 நாள் முந்தியே பணத்தைத் திருப்பிக் கேட்கும் பாத்தியதை போய்விடும். இப்படிப்பட்ட கெடு நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. ஒரு மண்டலம் கழித்துப் பலன் தெரியும் என்பதும், சனி விலக ஏழரை வருஷமாகும் என்று திருநள்ளாற்றுக்கு வழி காட்டுவதும் இந்த ஜாதியைச் சேர்ந்தவைதான். பலன் தெரியும் நாளுக்கு வெகு முன்னமே தட்சணை கைமாறிவிடும்.

ஆனாலும், விசாரிக்காமலே பொய் என்று தள்ளிவிடுவதும் மூடநம்பிக்கைதான். பழகினால் மாறுகிற சாமான் உலகத்தில் இல்லாமலில்லை. நமது பக்கத்து நாகசுரத்தையே எடுத்துக்கொள்ளுவோம். நரசிங்கம்பேட்டை ஆசாரிமார்கள் பழைய வீடு பிரித்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்கிக் கடைகிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய மரம் ஈரமற்று உலர்ந்திருப்பதால் முறுக்கிக்கொள்ளாது, வெடிக்காது. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. அந்தக் குழலில் செருகுகிற சீவாளியோ நாணல் தட்டையில் செய்வது. புதுச் சீவாளி சொன்னபடி கேளாது. எச்சிலில் ஊறி, உதட்டுக்கு இணங்கி, மெள்ள மெள்ளத்தான் பதத்துக்கு வரும். மாங்கனித் திருவிழாவில் வாசிக்க வருகிற எந்த வித்துவானைக் கேட்டாலும் சொல்லுவார். (சாமி ஊர்வலம் எக்கேடு கெட்டாலும் அந்தச் சங்கீதத்தை நின்று கேட்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை.) ஆனால் அதே வித்துவான் இன்னொன்றும் சொல்லுவார்: பதத்துக்கு வந்த சீவாளி பதத்திலேயே நின்றுவிடாது, தளர்ந்து கெட்டுப்போகும். அதற்காகத்தான் உபரிச் சீவாளிகளைக் கயிற்றில் கோத்துக் குழலோடு தொங்கவிட்டிருக்கிறார். உண்மையில் மாறுகிற பொருள் நல்லதற்கும் மாறும், கெட்டதற்கும் மாறும். ஒலிபெருக்கி மட்டும் எப்போதும் நல்லதற்கே மாறுகிறதென்றால், இருநூறு மணி நேரத்துக்குப் பிறகு கெட்டுப்போயிற்று என்று ஒருவர்கூடச் சொல்லக் காணோமென்றால், அங்கேதான் நமக்குச் சந்தேகம் பிறக்கிறது.

நிற்க. செட்டுக்குள் என்ன இருக்கிறதென்று பார்ப்போம். ஸ்பீக்கரின் கூம்பை இரண்டு தாங்கிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று விளிம்பில் உள்ள வளையம். மற்றொன்று பின்புறத்தில், பிசின் தோய்த்து மடிப்பு மடிப்பாய் அழுத்திய துணி. புதிதில் இவை சற்று விறைப்பாய் இருப்பதும், ஓட ஓடக் கொஞ்சம் இளகுவதும் வாஸ்தவமே. அளந்து பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த இளக்கத்தின் பெரும்பாகம் பலமாக ஓட்டிய முதல் சில நிமிஷங்களிலோ சில மணி நேரத்திலோ முடிந்துபோகிறது. அன்றியும், அது தொடுவது அடித்தொண்டைச் சத்தத்தை மாத்திரமே. கீச்சுக் குரலுக்கும் அந்தத் துணிக்கும் சம்பந்தமே இல்லை. தோழரின் புகாரோ கீச்சுக் குரலைப் பற்றியது! காலில் முள் தைத்தவனுக்குத் தலையில் எண்ணெய் தேய்க்கச் சொன்ன வைத்தியமாயிருக்கிறது இது.

ஆம்ப்ளிபையர் சூடேறி நிலைக்குவர வேண்டியதெல்லாம் சில நிமிஷம். பழைய வால்வு செட்டானாலும் அரை மணி போதும். கம்பியும் பழகவேண்டுமென்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை என்ன சொல்லுவது! நம் தெருக்களில் எத்தனையோ வருஷமாய் மின்சாரக் கம்பி ஓடுகிறது. பழைய கம்பியில் வருகிற மின்சாரத்தில் விளக்கு அதிகக் குளுமையாய் எரிகிறது என்று யாரேனும் சொன்னதுண்டா? நம் கடற்கரை ஊர்களில் கம்பிக்கு வருகிற ஒரே மாறுதல் உப்புக்காற்றில் முனை பச்சை பூத்துக் கரகரப்பதுதான்.

பிடில் வாசிக்கிறவர்களிடமும் இந்த நம்பிக்கை உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் சர்வகலாசாலையார் இதைப் பரீட்சை செய்தார்கள். ஒரே தச்சர் ஒரே மாதிரியாய்ச் செய்த இரண்டு பிடில்களில் ஒன்றைக் காட்சிசாலையில் வைத்துவிட்டு, மற்றதை ஒரு வித்துவானிடம் கொடுத்து வாசித்துவரச் செய்தார்கள். மூன்று வருஷம் கழித்து, இன்னது எதுவென்று சொல்லாமல் வாசிக்கவும் கேட்கவும் வைத்ததில், பழகிய பிடிலே உயர்ந்ததென்று சொல்லும்படியான வித்தியாசம் ஏற்படவில்லை. 2005இல் இதை வெளியிட்டார்கள்.

அப்படியானால், "எனக்குப் பிரத்தியட்சமாய் இனிமை கூடிற்றே" என்று சொல்லுகிறவர்கள் எல்லாம் பொய்யர்களா? அல்ல. அவர்கள் யோக்கியர்களே. பழகியது செட்டு அல்ல, காது. கிளிஞ்சல்மேட்டுக் குப்பத்தில் பிறந்தவருக்கு அலைச்சத்தம் கேட்கிறதா? புதிதாய்ப் போய்ப் படுத்தவருக்கல்லவா தூக்கம் வராது! கைப்பணம் போட்டு வாங்கியவருக்கோ, அது வீண்போகவில்லை என்று நம்பவேண்டிய கட்டாயமும் சேர்ந்துகொள்ளுகிறது.

காரைக்கால் 1739 முதல் 1954 வரை, இடையிடையே இங்கிலீஷ்காரர் கைக்குப் போய்த் திரும்பியது நீங்கலாகப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் ஆனபடியால், பாரிசில் 1784இல் நடந்த ஒன்றைச் சொல்லலாம். மெஸ்மர் என்பவரின் காந்த வைத்தியத்தை விசாரிக்க அரசர் நியமித்த கமிட்டியில் பிராங்க்ளினும் லவாசியேயும் இருந்தார்கள். ஒரு தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் மெஸ்மரின் சீடர் காந்தசக்தி ஏற்றினார். ஒரு சிறுவனைக் கண்ணைக் கட்டி அழைத்துவந்து மரம் மரமாய்த் தழுவச் செய்தார்கள். பையன் நாலாவது மரத்தடியில் மூர்ச்சையாகி விழுந்தான். சக்தி ஏற்றிய மரம் அதுவல்ல! பையன் நடிக்கவில்லை, நம்பினான், விழுந்தான்.

இனித் தோழர் செய்யவேண்டியது. அந்தக் கடையில் பகலெல்லாம் பாடிக்கொண்டிருக்கிற மாதிரி செட்டு ஒன்று இதே ரகத்தில் இருக்கக்கூடும். அது இருநூறு மணி நேரத்தை எப்போதோ தாண்டியிருக்கும். படிப்பகத்து செட்டைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்து, இரண்டையும் திரைபோட்டு மறைத்து, சத்தத்தைச் சரிசமமாய் வைக்கச் சொல்லவேண்டும். இதில் ஏமாறக்கூடாது, சற்று உரக்கக் கேட்பது எதுவும் காதுக்கு நன்றாயிருப்பதாகவே தோன்றும். காசைச் சுண்டிப் பத்துத் தடவை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து, எது புதிது எது பழையது என்று கடைக்காரரையே சொல்லச் சொல்லுங்கள். ஊகத்தில் சொல்லுகிறவருக்குப் பத்தில் ஐந்து சுமாராய்ச் சரியாகும். ஒன்பதோ பத்தோ சரியாவது நூறில் ஒரு தரம்தான் வாய்க்கும். இரண்டும் ஒன்றுபோலவே குத்தினால் அந்த ரகமே மோசம், பணத்தைத் திருப்பி வாங்குங்கள். கடை செட்டு நன்றாயிருந்து உங்களது மட்டும் குத்தினால் உங்களது பழுதுள்ளது, மாற்றி வாங்குங்கள். கடையில் இரண்டுமே நன்றாயிருந்தாலோ, குற்றம் படிப்பகத்தின் தகரக் கூரையிலும் மொட்டைச் சுவரிலும் இருக்கிறது. கனத்த துணியைத் தொங்கவிட்டு, பெட்டிகளை ஜனங்களை நோக்கித் திருப்பி, கீச்சுக் குமிழைக் குறைத்துப் பாருங்கள். இம்மூன்றில் எதற்கும் 200 மணி நேரம் வேண்டியதில்லை.

15 நாளில் எத்தனை நாள் கழிந்துவிட்டதென்று தோழர் எழுதவில்லை. ஆகையால் இவ்வாரப் பத்திரிகை கைக்குக் கிடைத்த அன்றே செட்டைக் கட்டிக்கொண்டு காரைக்காலுக்குப் பஸ் ஏறும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். ரசீதை மறக்கவேண்டாம்.