பேனாக்கத்தி வைத்தியம்

பேனாக்கத்திகளில் பெரும்பாலானவை உபயோகத்தினால் சாவதில்லை, வைத்தியத்தினால்தான் சாகின்றன. இருபது வருஷ காலம் பென்சில் சீவியும், மாம்பழம் நறுக்கியும், பார்ஸல் கயிறு அறுத்தும் அயராத கத்தி, ஒரு நாள் சாணைச் சக்கரத்துக்குக் கொடுக்கப்பட்டு, ஐந்து நிமிஷத்தில் ஆயுளில் பாதியை இழந்து திரும்புகிறது. தாத்தாவின் மேஜை இழுப்பறையிலிருந்து துருவேறிய மடக்குக் கத்தி ஒன்றைக் கண்டெடுத்தவர்களுக்கு, அதை உடனே சரிப்படுத்திவிட வேண்டும் என்ற உற்சாகம் உண்டாவது இயற்கையே. அந்த உற்சாகம் அரத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துவிட வேண்டுமென்பது நமது பிரார்த்தனை. அரம் தின்ற எஃகை எந்தக் கொல்லராலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

பேனாக்கத்தி என்ற பெயர் இறகுப் பேனாவின் காலத்தில் ஏற்பட்டது. இறகின் முனையைச் சீவிக்கொள்வதற்கு அது வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எஃகு நிப்பு வந்து இறகைத் துரத்திவிட்டது. இறகு போயிற்று, கத்தி போகவில்லை. இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரம் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே கத்தித் தொழிலாளர் சங்கம் 1624-ஆம் வருஷத்திலேயே சட்டபூர்வமாக ஏற்பட்டுவிட்டது. சின்னஞ்சிறு பட்டறைகளில் அலகு அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், பிடி கோத்து முடிப்பவர் ஒருவர் என்று வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். பிடிகளுக்கு வேண்டிய கடமான் கொம்பு இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போயிற்று. ஆகவே, சீமைக் கத்தி என்று நாம் பெருமையோடு வைத்திருப்பதன் பிடி, நம் காட்டிலிருந்து போய்த் திரும்பி வந்த கொம்பாகவும் இருக்கக்கூடும்!

இனி, கத்தியின் உள்ளே நடப்பதைக் கவனிக்கலாம். சாதாரணப் பேனாக்கத்திக்குப் பூட்டு என்பது கிடையாது. பிடியின் முதுகில் நீளமான எஃகு வில் ஒன்று இருக்கிறது. அலகின் அடிப்பாகம் ஏறக்குறையச் சதுர வடிவமுள்ளது. அச்சதுரத்தின் ஒரு பக்கம் வில்லின்மேல் படிந்தால் கத்தி திறந்து நிற்கும். மற்றொரு பக்கம் படிந்தால் மூடி நிற்கும். சதுரத்தின் மூலைகள் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டாலும், வில் தளர்ந்துவிட்டாலும், திறந்த கத்தி நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமல் விரலின்மேல் மூடிக்கொள்ளும். "நன்றாக வெட்டவில்லை" என்பதைக் காட்டிலும் "சரியாக நிற்கவில்லை" என்பது எத்தனையோ மடங்கு பெரிய வியாதி. ஆனால் வீடுகளில் முதல் வியாதிக்குத்தான் ஓடி ஓடி வைத்தியம் நடக்கிறது.

வில் தளர்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், அது அழுக்கா என்று பார்த்துவிட வேண்டும். சட்டைப்பையின் பஞ்சு, பழச்சாறு, காய்ந்த எண்ணெய் எல்லாம் பிளவில் சேர்ந்து, அரக்குப்போல் இறுகிக் கிடக்கும். கத்தியை மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவைத்து (பிடி கொம்பாகவோ தந்தமாகவோ இருந்தால் ஊறவைக்காமல், அச்சாணி இருக்கும் இடத்தில் மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டு), அலகைத் திறந்து மூடிக்கொண்டே இருக்க வேண்டும். கறுப்பு நீர் வருவது நின்ற பிறகு துடைத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி விட்டால் போதும். நல்லெண்ணெய் உதவாது, நாளடைவில் அதுவே பிசுக்காக மாறிவிடும். செத்துவிட்டதாக எண்ணப்பட்ட கத்தி, இவ்வளவிலேயே 'டக்' என்ற பழைய சப்தத்தோடு எழுந்து உட்காருவதும் உண்டு.

துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1913-ஆம் வருஷத்தில் ஷெபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் துருப்பிடிக்காத எஃகைக் கண்டுபிடிப்பதற்கு முன்பு, கத்திகள் எல்லாம் துருப்பிடிக்கும் எஃகினாலேயே செய்யப்பட்டன. அத்தகைய அலகில் எலுமிச்சையும் மாங்காயும் பட்டு ஏறிய கருநீலக் கறையைத் துருவென்று எண்ணித் தேய்த்தெடுப்பவர்கள் உண்டு. அது துருவல்ல, துருவைத் தடுக்கும் போர்வை. சிவந்து பொரிந்திருப்பதை மட்டும் எண்ணெய் தொட்டு, மிகவும் மெல்லிய உப்புத்தாளினால் இதமாகத் தேய்த்தால் போதுமானது.

அலகு இடவலமாக ஆடினால் அச்சாணி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அலகுக்கும் உட்புறத் தகட்டுக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைச் செருகி, ஒரு பக்கத்து ஆணித்தலையைப் பட்டடையின்மேல் வைத்து, மறுபக்கத்துத் தலையைச் சிறிய சுத்தியலால் நாலைந்து முறை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். காகிதம் எதற்கு என்றால், அலகு அசைவதற்குச் சிறிது இடைவெளி மிஞ்சவேண்டும் என்பதற்காக. அலகு மேலும் கீழுமாக ஆடினாலோ, துவாரமே முட்டை வடிவமாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அதற்குப் பெரிய ஆணி வேண்டும். கைதேர்ந்த தொழிலாளியும் வேண்டும்.

இப்போது, சாணைச் சக்கரம் செய்யும் அநியாயத்துக்கு வருவோம். காய்ச்சித் தோய்த்த எஃகு கண்ணாடிபோல் கடினமாயிருக்கும். கண்ணாடிபோலவே நொறுங்கவும் செய்யும். அதை மறுபடியும் இதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தும்போது, மெருகிட்ட மேற்பரப்பில் நிறங்கள் ஓடும். சுமார் 220, 230 டிகிரி சென்டிகிரேடில் வைக்கோல் நிறம். 290, 300 டிகிரியில் நீல நிறம். அலகை வைக்கோல் நிறத்தோடு நிறுத்துவார்கள். வில்லை நீலம் வரையில் கொண்டுபோவார்கள். முன்னதற்குக் கூர்மையைத் தாங்கும் கடினம் வேண்டும். பின்னதற்கு வளைந்து நிமிரும் குணம் வேண்டும். எமரிச் சக்கரம் தண்ணீரின்றி வேகமாகச் சுழலும்போது, காகிதம்போல் மெலிந்த விளிம்பிலே ஏறும் உஷ்ணத்துக்கு ஓடிப்போக இடமில்லை. பொறி பறக்கும், பார்ப்பதற்கு வேடிக்கையாயிருக்கும், அதற்குள் விளிம்பு நீலம் பாய்ந்துவிடும். அதன் பிறகு அது கத்தியின் விளிம்பல்ல, வில்லின் விளிம்பு. எத்தனை முறை தீட்டினாலும் இரண்டே நாளில் மழுங்கிப் போகும்.

ஷெபீல்டின் பழைய சாணைக்காரர்கள் மணற்கல் சக்கரத்தைத் தண்ணீரில் நனைத்தே பேனாக்கத்தி அலகுகளைத் தீட்டினார்கள். உலர்ந்த கல்லில் முள்கரண்டி தீட்டியவர்கள் தூசியைச் சுவாசித்து இளம் வயதிலேயே மாண்டுபோனதும் அந்த ஊர்ச் சரித்திரத்தில் இருக்கிறது. தண்ணீர் எஃகுக்கு மட்டுமல்ல, மனிதனுக்கும் தேவைப்பட்டிருக்கிறது. வீட்டில் கைச்சாணைக்கல் ஒன்றை நனைத்துக்கொண்டு, அலகைப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி வரை சாய்த்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தீட்டுங்கள். விளிம்பில் எழும் பிசிறைத் தோல் வாரில் இழுத்துப் போக்குங்கள். அரை மணி பிடிக்கும், பிடிக்கட்டும்.

முனை ஒடிந்த கத்தியைப் பற்றி விசேஷமாகச் சொல்ல வேண்டும். ஒடிந்த இடத்தை விளிம்புப் பக்கத்திலிருந்து தேய்த்துக் கூராக்குவதே பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அப்படிச் செய்தால் புதிய முனை முதுகுப் பக்கமாக ஏறிவிடும். கத்தியை மூடினாலும் அது பிடிக்கு வெளியே எட்டிப் பார்க்கும். பையில் கைவிடுகிறவரைக் குத்தும். முதுகிலிருந்து விளிம்பை நோக்கிச் சரிவாகத் தேய்த்து இறக்கினால், முனை தானாகவே பிளவுக்குள் அடங்கும்.

தீட்டித் தீட்டி அலகு ஒடுங்கிப்போன கத்தியிலும் முனை வெளியே தெரிவதுண்டு. அதற்கு வேறு வைத்தியம். அலகின் அடியில், விளிம்பு ஆரம்பிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், குதிகால்போல் ஒரு சிறு மேடு இருக்கும். கத்தி மூடும்போது வில்லைத் தொடுவது அந்தக் குதிகால்தான்; விளிம்பு தொடாது. அதை இம்மியளவு அராவினால் அலகு அவ்வளவுக்கு உள்ளே இறங்கும். ஓர் இழுப்பு, பிறகு மூடிப் பார்த்தல். மறுபடியும் ஓர் இழுப்பு. பிளவுக்குள் மெல்லிய காகிதம் ஒன்றை வைத்து மூடித் திறக்கும்போது அதில் வெட்டுக்காயம் படலாகாது. பட்டால், நீங்கள் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். அன்றுமுதல் ஒவ்வொரு முறை மூடும்போதும் விளிம்பு வில்லில் மோதிக்கொண்டேயிருக்கும்.

வில் முறிந்துவிட்டால் பற்றவைக்க முயல வேண்டாம். அந்த உஷ்ணத்தில் பதம் போய்விடும். புதிய வில் அடித்துப் பதமிட்டுக் கோக்க வேண்டியதுதான். ஷெபீல்டிலேயே முழுக் கத்தியையும் தம் ஒரே கையால் செய்யவல்லவராக விளங்கிய ஸ்டான் ஷா 2021-ஆம் வருஷம் காலமாகிவிட்டார். அத்தகைய கைகள் இப்போது எங்கும் குறைவு.

கடைசியாகப் பிடி. தந்தப் பிடி வெடித்திருந்தால் வெடித்தபடியே இருக்கட்டும். புதுத் தந்தம் தேடுவது சட்டத்துக்கும் யானைக்கும் விரோதம். ஆமையோடு போலவும் முத்துச் சிப்பி போலவும் பளபளக்கும் பழைய பிடிகளில் பல ஸெல்லுலாயிட் என்னும் பொருளால் ஆனவை. அது விளக்குச் சுடர் பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். முதுமையில் அதிலிருந்து கசியும் அமில ஆவி, தன் அலகை மட்டுமின்றிப் பக்கத்திலிருக்கும் கத்திகளையும் துருப்பிடிக்கச் செய்துவிடும். அத்தகைய கத்தியை மூடிய பெட்டியில் மற்றவற்றோடு சேர்த்து வைக்காமல், காற்றோட்டமான இடத்தில் தனியே வைத்திருங்கள்.