இரண்டு ‘அருளர்’கள்

அருளர் என்ற பெயரைக் கேட்டதும் வடமராட்சியின் மூத்த வாசகர்களுக்கு நினைவில் எழுவது ‘லங்கா ராணி’ நாவல். 1977 இனக்கலவரத்தின் பின் கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்கு வந்த கப்பலின் கதை அது. எழுதியவர் ஈரோஸ் இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான அருள்பிரகாசம் என்ற அருளர். இலண்டனில் ஓர் இசைத்தட்டுக் கடையில் அதே பெயரைச் சொன்னால் கைக்கு வருவது வேறொன்று: 2005 இல் வெளியான எம்.ஐ.ஏ.யின் முதல் இசைத்தொகுப்பு ‘அருளர்’. பாடியவர் அந்த நாவலாசிரியரின் மகள் மாதங்கி. வீட்டாருக்கு மாயா.

தகப்பன் அகதிகள் ஊர் திரும்புவதை எழுதினார். மகள் ஊரைவிட்டுப் போன அகதியாக நின்று பாடினார். நமது இலக்கியக் கூட்டங்களில் நாவல் பற்றிய பேச்சு இடைக்கிடை எழுகிறது. இசைத்தொகுப்புக்கு அந்த மேடை கிடைப்பதில்லை. ‘எங்கட பிள்ளை ஒஸ்கார் வரைக்கும் போனவள்’ என்று பெருமைப்படுவதோடு கதை முடிந்துவிடுகிறது. ஒரு கலைஞருக்கு அந்தப் பெருமை போதாது. அவருடைய படைப்பைக் காதுகொடுத்துக் கேட்டு, நல்லதையும் கெட்டதையும் சொல்வதே அவருக்குரிய மரியாதை.

1975 இல் இலண்டனில் பிறந்த மாயா ஆறுமாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டார். தலைமறைவாக இருந்த தகப்பன் எப்போதாவது வீட்டுக்கு வந்தால், பாதுகாப்புக் கருதிப் பிள்ளைகளுக்கு அவரை மாமா என்றே சொன்னார்கள். தாய் கலா மூன்று பிள்ளைகளோடு சென்னைக்குப் போய், திரும்பி வந்து, 1986 இல் இலண்டனில் அகதியாகத் தஞ்சம் புகுந்தார். தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மகள் சென்ட்ரல் சென் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் திரைப்படம் படித்தார்.

பாட்டுக்குள் அவரைக் கொண்டுவந்தது ஒரு றொக் இசைக்குழு. எலாஸ்ரிக்கா குழுவின் பாடகி ஜஸ்ரின் ஃபிரிஷ்மன் தமது 2000 ஆம் ஆண்டுத் தொகுப்பின் அட்டையை மாயாவிடம் ஒப்படைத்தார். இசைப்பயணத்தைப் படம்பிடிக்கவும் அழைத்துப் போனார். அந்தப் பயணத்தில்தான் பீச்சஸ் என்ற கனடியப் பாடகி றோலண்ட் எம்சி-505 என்ற பெட்டியைக் காட்டினார். மேளம், பாஸ், மின்னிசை எல்லாம் ஒரே பெட்டிக்குள். வாத்தியம் பயிலாதவரும் ஒரு தாளத்தை அமைத்து, அதைச் சுழலவிட்டு, மேலே மேலே அடுக்கிக்கொண்டு போகலாம். அந்தப் பெட்டி, பழைய நான்குதட ஒலிப்பதிவுக் கருவி, ஒரு மைக்: இவற்றோடு படுக்கையறையில் ஆறு பாடல்கள் பிறந்தன. அவற்றில் ஒன்றான ‘கலாங்’, பல்ப் என்ற றொக் குழுவின் பாஸ் கலைஞர் ஸ்ரீவ் மக்கியும் றொஸ் ஓர்ட்டனும் கைவைத்துச் செம்மைப்படுத்தியபின், 2003 இல் ஒரு சிறு நிறுவனத்தால் 500 இசைத்தட்டுகளாக வெளிவந்தது. ஒரு சிற்றிதழின் அச்சுப் பிரதிகள் அளவு.

சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்துக்கு இந்தச் சிக்கனம் அந்நியமானதல்ல. தாளத்துக்குப் பின்னால் பாட்டு வருவதும் அப்படித்தான். கோயில் திருவிழாவில் கண்ணன் கோஷ்டி மேடையேறிய இரவுகளையும், வல்வெட்டித்துறை இந்திர விழாவையும் அறிந்த காது, ‘அருளர்’ தொகுப்பின் முரட்டு அடிகளை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் அந்த அடிகள் ஜமெய்க்காவிலிருந்தும் பிரேசிலின் சேரிகளிலிருந்தும் வந்தவை. தமிழ் ஒலி முழு வீச்சோடு வந்தது தாயின் பெயர் சூடிய ‘கலா’ (2007) தொகுப்பில். அதில் உறுமி அதிர்கிறது, ‘தளபதி’ படத்தின் இளையராஜா பாடலும் நுழைகிறது. இசையாகப் பார்த்தால் இரண்டாவதே பெரிய படைப்பு.

முதல் தொகுப்பின் குறை சொற்களில் இருக்கிறது. குண்டும் துவக்கும் அங்கே தாளத்துக்கான உதிரிச் சொற்களாகப் பல இடங்களில் வந்துபோகின்றன. அவற்றின் சத்தத்தை நேரில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உறுத்தும். உறுத்துகிறது என்று எழுதவேண்டும். அதற்காகத் தொகுப்பை ஒதுக்கிவைக்கவும் கூடாது: பத்து வயதில் ஓடிப்போன பிள்ளைக்குப் போர் ஒலியாகவே எஞ்சியிருந்தது என்பதற்கு இந்தப் பாடல்களே சாட்சி.

சொற்களில் குறை இருந்தாலும் அவருடைய நெஞ்சுரத்தில் குறை இல்லை. ‘சன்ஷவர்ஸ்’ பாடலின் சில வரிகளுக்காக எம்ரிவி அதை ஒளிபரப்ப மறுத்தது. 2006 இல் அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. தகப்பன் ஈரோஸ் என்று எத்தனை தடவை சொன்னாலும் வெளிநாட்டுப் பத்திரிகைகள் புலி என்றே எழுதின. இங்கே அந்த வித்தியாசம் தெரியாதவர் யார்? முதல் தொகுப்பின் ஆக்கம் முழுவதையும் டிப்லோ என்ற ஆண் இசையமைப்பாளரின் கணக்கில் பலர் எழுதியபோது, அதில் டிப்லோவுக்குப் பங்குள்ள பாடல் எது, தன் உழைப்பு எது என்று 2007 இல் முகத்துக்கு நேரே பிரித்துச் சொன்னார். 2009 பெப்ரவரியில், வன்னியில் ஷெல் விழுந்துகொண்டிருந்த நாட்களில், பிரசவத்துக்குக் குறித்த தினத்திலேயே கிரமி மேடையில் நிறைவயிற்றோடு பாடினார். அந்த மாதங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தமிழ்ச் சனத்தின் சாவைப் பற்றிப் பேச வேறு எந்தப் புகழ்பெற்ற முகமும் நமக்கு இருக்கவில்லை. பின்னாளில் தடுப்பூசி பற்றி அவர் பேசியவை பிழையானவை. அதற்காக 2009 இன் அந்தக் குரலுக்குரிய நன்றி குறையாது.

பருத்தித்துறையிலும் நெல்லியடியிலும் இன்று கைபேசியிலேயே தாளம் அமைத்து றப்பும் றொக்கும் பாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கைதட்டல் கிடைக்கிறது, விமர்சனம் கிடைப்பதில்லை. கவிதைத் தொகுப்பு ஒன்று வந்தால் மூன்று பேர் எழுதும் ஊரில், ஒரு பாடல் தொகுப்பைப் பற்றி ஒருவர்கூட எழுதாமல் இருப்பது நமது விமர்சன மரபின் பெரிய ஓட்டை. அதனால் எமது அடுத்த இதழிலிருந்து நான்கு பக்கங்கள் இசைத்தொகுப்புகளுக்கு ஒதுக்கப்படுகின்றன. எழுதுபவர்கள் பாடியவரின் பேட்டிகளை விட்டுவிட்டுத் தாளம், குரல், சொல், ஒலிப்பதிவு ஆகியவற்றைப் பற்றி எழுதட்டும். பிடிக்காத இடத்தைப் பிடிக்கவில்லை என்றே எழுதட்டும்.