வானத்துத் தொட்டி யார் தலையில்?

"விண்வெளித் தொட்டிக்கும் தறிக்கும் என்ன சம்பந்தம், தோழரே? கூலியைப் பற்றிப் பேசுங்கள்!" என்று பிள்ளையார்பாளையம் டீக்கடையில் ஒரு நெசவாள நண்பர் நம்மைக் கேட்டார். கூலியைப் பற்றி நாம் பேசாத நாள் இல்லை. அது அவருக்கும் தெரியும். ஆனால் வானத்திலிருந்து விழும் சாமான், கீழே நிற்பவன் நெசவாளியா, ஜவுளி முதலாளியா என்று கேட்டுக்கொண்டு விழுவதில்லை.

இல்லை, அதுகூட முழு உண்மையல்ல. கைவிடப்பட்ட ராக்கெட்டுகள் எந்த அட்சரேகைகளின் மேல் அதிகம் விழக்கூடும் என்று 2022-இல் 'நேச்சர் அஸ்ட்ரானமி' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் ஒரு கணக்கு வெளிவந்தது. நியூயார்க், பெய்ஜிங், மாஸ்கோ நகரங்கள் இருக்கும் அட்சரேகைகளைவிட ஜகார்த்தா, டாக்கா, லாகோஸ் இருக்கும் அட்சரேகைகளுக்கு அபாயம் மூன்று மடங்கு என்கிறது அந்தக் கணக்கு. அனுப்புகிறவன் ஒருவன், தலையில் வாங்குகிறவன் வேறொருவன்! காஞ்சிபுரமும் அந்த வெப்ப மண்டலத்தில்தான் இருக்கிறது.

கற்பனை பேசுகிறோம் என்று நினைக்க வேண்டாம். 2022 ஏப்ரல் 2-ஆம் தேதி இரவு மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் வானம் தீக்கோடுகளாகப் பிளந்தது. சிந்தேவாஹி தாலுகாவின் லாட்போரி கிராமத்தில் சுமார் 3 மீட்டர் அகலமுள்ள உலோக வளையம் ஒன்று விழுந்து கிடந்தது. அக்கம்பக்கக் கிராமங்களில் இழை சுற்றிய உருண்டைத் தொட்டிகள் கிடைத்தன. அது சீனாவின் லாங் மார்ச் 3பி ராக்கெட்டின் பகுதியாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள் நிபுணர்கள். அடுத்த மாதமே குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்திலும் உலோக உருண்டைகள் விழுந்தன. 2025 பிப்ரவரியில் போலந்தின் போஸ்னான் நகரத்தருகே அமெரிக்க ஃபால்கன் 9 ராக்கெட்டின் தொட்டி ஒன்று ஒரு கிடங்கின் முற்றத்தில் வந்து கிடந்தது.

"இழை சுற்றிய தொட்டி துணியைப் போல் எரிந்து போகாதா?" என்பார்கள். இங்கேதான் நெசவாளிக்கு விஷயம் சுலபமாக விளங்கும். மெல்லிய உலோகக் கூட்டின் மேல், நாம் தார் சுற்றுவது போல, கார்பன் இழையைப் பிசினில் தோய்த்து வரிசை வரிசையாகச் சுற்றுகிறார்கள். உள்ளே வாயு பயங்கரமான அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. அதைத் தாங்கும் பலமும் வேண்டும், எடையும் குறைய வேண்டும், அதற்குத்தான் இழை. ஆனால் கார்பன் இழை உருகாது! அலுமினியம் 660 டிகிரியில் உருகும். டைட்டானியத்துக்கு 1,668 டிகிரி வேண்டும். கார்பனோ 3,600 டிகிரியைத் தாண்டினால்தான் ஆவியாகத் தொடங்கும். மேலே இருக்கும் பிசின் கருகி, அடியில் உள்ள அடுக்குகளுக்குப் போர்வையாகிவிடுகிறது. மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குள் நுழைந்து, அந்தச் சில நிமிடச் சூட்டைத் தாங்கிவிட்டால், பிறகு அது நேராகத் தரைக்கு வருகிறது.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. பாவுக்குக் கஞ்சி போடுகிறோம். கஞ்சி இருக்கிறவரை இழை இழையோடு நிற்கும், அலசிவிட்டால் பிரிந்துவிடும். தொட்டிக்குக் கஞ்சி அதன் பிசின்தான். சூட்டில் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும் பிசினைப் போட்டால் இழைச் சுற்றுகள் தளர்ந்து காற்றில் பிய்ந்து போகும். உள்ளே டைட்டானியத்துக்குப் பதில் அலுமினியக் கூடு இருந்தால் அதுவும் உருகிப்போகும். விண்கலம் சுமார் 78 கிலோமீட்டர் உயரத்தில்தான் சிதறுகிறது. அதுவரை தொட்டி அதன் வயிற்றுக்குள் பத்திரமாக ஒளிந்திருக்கிறது. இன்னும் மேலேயே சூடு அதன் மேல் படும்படி கலத்தை அமைக்கலாம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தார் இப்படிப்பட்ட பாகங்களைப் பிளாஸ்மாச் சூட்டில் வாட்டிச் சோதிக்கிறார்கள். மழையை அளக்க 2014-இல் ஏவப்பட்ட ஜி.பி.எம். செயற்கைக்கோளுக்கு, விழும்போது எரிந்து அழியும்படியான அலுமினியத் தொட்டியையே நாசா வடிவமைத்தது. ஆக, முடியாத காரியம் அல்ல, கேட்பாரில்லாத காரியம்! (எரிந்த உலோகப் புகை வான் மண்டலத்தில் தங்குகிறது என்று 2023-இல் விஞ்ஞானிகள் காட்டியிருக்கிறார்கள். அதுவும் தனியே பேச வேண்டிய வழக்கு.)

"பூமியில் முக்கால் பங்கு கடல்தானே, அங்கே விழட்டும்" என்கிற மேதாவிகளும் உண்டு. கடல் என்ன காலி மனையா? 2019 டிசம்பரில் புதுச்சேரி மீனவர்கள் கடலிலிருந்து இழுத்து வந்தது நமது பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பக்க மோட்டார். 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கரையில் ஒதுங்கிய பெரிய உருளையும் பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்டத்தைச் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும் என்று அந்நாட்டு விண்வெளி நிறுவனம் சொன்னது. நம் விஞ்ஞானிகளுக்குத் திறமை இல்லை என்று சொல்லவில்லை. 2023 மார்ச் 7-ஆம் தேதி மேகா-டிராபிக்ஸ் 1 செயற்கைக்கோளை, மிச்சமிருந்த எரிபொருளைக் கொண்டே, பசிபிக் கடலின் மேல் திட்டமிட்டு இறக்கினார்களே, அந்தத் திறமையை மனமாரப் பாராட்டுகிறோம். எரிபொருள் மிஞ்சாத கலத்துக்கு என்ன வழி என்பதுதான் நமது கேள்வி.

கலம் ஒன்று விழும்போது யாருக்காவது காயமோ மரணமோ நேரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது என்று நாசாவும் ஐரோப்பியரும் வரம்பு வைத்திருக்கிறார்கள். கேட்க அழகாயிருக்கிறது. ஆனால் முழுக் கலங்களும் ராக்கெட் பகுதிகளும் இப்போது சராசரியாக நாளைக்கு மூன்றுக்கு மேல் விழுகின்றன. ஒவ்வொன்றும் அந்த வரம்பின் விளிம்பில் நின்றால், ஒன்பது ஆண்டுக்கு ஒருவர் அடிபடுவார். பெரும்பாலானவை சிறியவை, அவ்வளவு அபாயம் இல்லை என்பது மெய்தான். என்றாலும் அந்தப் பத்தாயிரத்தில் ஒன்றுக்குச் சம்மதம் சொன்னது யார்? லாட்போரி ஜனங்களைக் கேட்டார்களா?

நஷ்டஈட்டுக்குச் சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது என்பார்கள். 1972-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, தரையில் நேரும் சேதத்துக்கு ஏவிய தேசமே முழுப் பொறுப்பு. 1978-இல் சோவியத் யூனியனின் காஸ்மாஸ் 954, அணு உலையோடு கனடாவின் வடபகுதியில் சிதறியது. கனடா சுமார் 60 லட்சம் டாலர் கேட்டது. 1981-இல் 30 லட்சம் கனடிய டாலர் பெற்றது. சோவியத் ஆனாலும் சீனா ஆனாலும் கணக்கு கணக்குத்தான். நாம் யாருக்கும் சலுகை கேட்கவில்லை. ஆனால் கேட்டது கனடா சர்க்கார், கிராமவாசி அல்ல. சாதாரணப் பிரஜை இந்த ஒப்பந்தத்தைக் காட்டி நேரே கேட்க முடியாது. அவனுக்காகச் சர்க்கார் ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். அதைவிட முக்கியம் ஒன்று: தன் நாட்டு ராக்கெட் தன் நாட்டுப் பிரஜையின் தலையிலேயே விழுந்தால் இந்த ஒப்பந்தம் செல்லாது!

ஸ்ரீஹரிகோட்டா நமக்கு அடுத்த வீடு. குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2023-ஆம் ஆண்டு விண்வெளிக் கொள்கை தனியார் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. கொள்கை, சட்டம் ஆகாது. விண்வெளிச் சட்டத்துக்கு வரைவு வந்ததோ 2017-இலேயே! லாபம் கம்பெனிக்கு, தொட்டி ஜனங்களுக்கு என்ற ஏற்பாட்டை ஏற்க முடியாது.

ஆகவே நாம் கோருவது இவை. ஏவ அனுமதி கேட்கும் எவரும், சர்க்காரானாலும் கம்பெனியானாலும், தொட்டி எரிந்தழியும் என்பதைச் சோதனையால் நிரூபிக்க வேண்டும். இல்லையேல் ஆளற்ற கடலில் இறக்க எரிபொருள் மிச்சம் வைக்க வேண்டும். சொந்த நாட்டு ராக்கெட்டால் அடிபட்டவனுக்கும் நஷ்டஈடு சட்டத்தில் எழுதப்பட வேண்டும். வலை கிழிந்த மீனவனுக்கும் அதில் இடம் வேண்டும். விழுந்த உருண்டையைத் தொடாதே, உள்ளே விஷ எரிபொருள் இருக்கலாம் என்று கிராமம்தோறும் தமிழில் சொல்ல வேண்டும்.

டீக்கடை நண்பருக்கு ஒரு வார்த்தை: அடுத்த வாரம் கூலி மனுவுக்குக் கையெழுத்து வாங்க வருகிறோம். இந்த மனுவும் அதோடு வரும்.