ஜன்னலுக்குப் பேரம், பிள்ளைக்குத் தர்மம்

நண்பர் ஒருவர் நேபாளம் போய்விட்டு வந்தார். பசுபதிநாதர் பிரசாதத்தோடு, கைக்கு அடக்கமான ஒரு மர ஜன்னலையும் ஒரு சிறுமியின் புகைப்படத்தையும் என் மேஜைமேல் வைத்தார். இரண்டும் புங்கமதி கிராமத்தில் கிடைத்தவையாம். சொன்ன விலையில் பாதிக்கு ஜன்னலை வாங்கிவிட்டதைச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிறுமியின் படிப்புச் செலவை மாதாமாதம் தாமே ஏற்றுக்கொண்டதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

புங்கமதி, காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் பாட்டன் நகருக்குத் தெற்கே உள்ள நேவார்களின் ஊர். மழை தரும் தெய்வமாகப் பள்ளத்தாக்கு முழுவதும் கொண்டாடும் சிவப்பு மச்சேந்திரநாதர், வருஷத்தில் பாதியை இங்கேயும் பாதியைப் பாட்டனிலும் கழிக்கிறார். 2015 ஏப்ரல் 25-ஆம் தேதிப் பூகம்பத்தில் இங்கிருந்த அவருடைய கோயில் இடிந்து விழுந்தது. தெய்வத்துக்கே வீடு போன ஊரில் மனிதர்களின் வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஊரின் ஜீவனம் மரச்செதுக்கு. தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் இடுக்கிக்கொண்டு, உளியை மாற்றி மாற்றி எடுத்துச் செதுக்குவார்கள். ஆணியும் பசையும் இல்லாமல், துண்டு துண்டாகக் கோத்தே ஜன்னல் செய்வது நேவார்களின் பழைய வித்தை. நண்பர் வாங்கியது பக்தபூரில் உள்ள மயில் ஜன்னலின் சிறு நகல். சிறியதுதான், ஆனாலும் தோகையில் ஒவ்வோர் இறகையும் யாரோ குனிந்து உட்கார்ந்து செதுக்கியிருக்க வேண்டும் அல்லவா?

அந்த யாரோ ஒருவனுக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருப்பார்கள். அவன் கூலி பாதியானால் சம்பளம் கட்ட முடியாது. மூத்தவன் கத்தாருக்கோ மலேசியாவுக்கோ கூலி வேலைக்கு விமானம் ஏறுவான். இளையவளின் புகைப்படம் நம்மிடம் வரும். தகப்பனிடம் குறைத்ததில் ஒரு பங்கை மகளுக்குத் தர்மமாகக் கொடுக்கிறோம். அதற்கு நன்றிக் கடிதமும் எதிர்பார்க்கிறோம்!

"கடைக்காரன் ஏற்றித்தான் சொல்கிறான், ஐயா, பேரம் பேசாதவன் ஏமாளி" என்பீர்கள். வாஸ்தவம். நானும் பேரம் பேசிப் பழகியவன்தான். ஆனால் நாம் குறைத்த பணம் கடைக்காரரின் லாபத்திலிருந்தா போகிறது? அடுத்த ஜன்னலுக்குச் செதுக்குகிறவனின் கூலியில் அதைப் பிடித்துக்கொள்ள அவருக்குத் தெரியாதா? பட்டறைக்கே போய், "இதற்கு எத்தனை நாள் ஆயிற்று?" என்று கேட்டு, விலையை அந்த நாட்களால் வகுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு பேரம் பேச வாய் வருகிறதா என்று பார்க்கலாம்.

13-ஆம் நூற்றாண்டில் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து போன அரனிகோ என்ற சிற்பியைக் குப்ளாய் கான் தன் சபையில் வைத்துக்கொண்டான். அவர் எழுப்பிய வெள்ளை ஸ்தூபி இன்றும் பெய்ஜிங்கில் நிற்கிறது. மங்கோலியச் சக்கரவர்த்தி அவருக்கு வேலை கொடுத்தான், பதவி கொடுத்தான். அவர் வீட்டுப் பிள்ளையின் புகைப்படத்தைக் கேட்கவில்லை.

புகைப்படத்தைப் பார்த்துப் பிள்ளையைப் பொறுக்குவதே எனக்குப் பிடிக்காத காரியம். கண் அழகாக இருந்த பெண்ணுக்குப் புத்தகம் கிடைத்தது. பக்கத்து வீட்டில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த பையன் என்ன பாவம் செய்தான்? பெற்றோர் உயிரோடிருக்கும் குழந்தைகளை அநாதைகள் என்று காட்டி வெளிநாட்டாரிடம் பணம் வாங்கிய விடுதிகளும் அந்த நாட்டில் இருந்திருக்கின்றன. 2015-இல் வந்த நேபாள அரசியல் சாசனம், உயர்நிலைப் படிப்பு வரை இலவசம் என்கிறது. சாசனம் சொன்னால் போதுமா? சர்க்கார் பள்ளியை நம்பாதவர்கள், சாயங்காலம் வீடு திரும்பும் பிள்ளையைக்கூட "போர்டிங்" என்று அவர்கள் சொல்லும் இங்கிலீஷ் பள்ளிக்குத்தான் அனுப்புகிறார்கள். அந்த ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தால் மூக்கு ஒழுகும் பையனும் படிப்பான். ஆனால் பள்ளிக்கூடம் நமக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பாதே!

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் கலாரசிகர்கள். "படிக்க வைத்தால் உளியைப் போட்டுவிடுவார்கள், பரம்பரைக் கலை அழிந்துவிடும்" என்று கண்ணீர் விடுவார்கள். இவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். தம் பிள்ளை டாக்டராக வேண்டும். செதுக்குகிறவன் பிள்ளை மட்டும் இவர்கள் வரவேற்பறைக்காகச் செதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். உளியைப் போடச் செய்வது பள்ளிக்கூடமா, பாதி விலையா? உளி சோறு போட்டால், படித்த பிள்ளையும் அதை எடுக்கும். எடுக்காவிட்டால் அது அந்தப் பிள்ளையின் இஷ்டம்.

"அப்படியானால் பணத்தை நிறுத்திவிடவா?" என்று நண்பர் கோபமாகக் கேட்டார். கூடாது என்றேன். நடுவில் கைவிட்டால் அந்தப் பெண் நடுத்தெருவில் நிற்கும். ஆரம்பித்தவர் முடிக்கத்தான் வேண்டும். புகைப்படத்தின் பின்னால் அவள் பெயர், வயது, வகுப்பு, ஒரு எண் எல்லாம் இருந்தன. ஜன்னலைச் செதுக்கியவன் பெயர் என்ன என்று கேட்டேன். கேட்கவில்லையே என்றார்.