சிறு துளையும் ஆறு வாரமும்

தண்டெலும்பின் அடுக்குகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த வட்டினை மக்கள் ‘ஜவ்வு’ என்றும் ‘டிஸ்க்’ என்றும் வழங்குவர். இடுப்புப் பகுதியில் அவ்வட்டு பிதுங்கிக் காலுக்குச் செல்லும் நரம்பை அழுத்துமாயின், பிட்டத்தில் தொடங்கிப் பாதம்வரை சுண்டியிழுக்கும் வலி எழும். இந்நோய்க்கு இன்று சிறு துளை வழியே அறுவை செய்யும் முறை பரவியிருக்கிறது. இது மருத்துவத்தின் அரிய வளர்ச்சி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், துளையின் சிறுமையைப் பேசும் அளவுக்கு, அறுவை தேவைதானா என்பதை நாம் பேசுகிறோமா?

1934-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும், பிதுங்கிய வட்டே கால் வலிக்குக் காரணமாகிறது என்பதை நிலைநாட்டினர். அந்நாளில் முதுகைப் பெரிதாகத் திறந்தே அதனை அகற்றினர். 1977-இல் யாசர்கிலும் காஸ்பரும் நுண்ணோக்கியின் துணையால் கீறலைச் சுருக்கினர். 1997-இல் ஃபோலியும் ஸ்மித்தும் தசையை விலக்கிக் குழாய் செருகி, எண்டாஸ்கோப் வழியே பார்த்து அறுவை செய்யும் முறையை வெளியிட்டனர். இன்று ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த துளை போதுமென்னும் நிலை வந்துவிட்டது. தழும்பில்லை, மறுநாளே வீடு திரும்பலாம் என்னும் விளம்பரப் பலகைகளை இன்று எந்த நெடுஞ்சாலையிலும் காணலாம்.

துளை சிறுத்தால் பயன் பெருகுமா? நெதர்லாந்தில் 328 நோயாளரிடம் குழாய் முறையையும் வழக்கமான நுண்ணோக்கி முறையையும் ஒப்பிட்டு, 2009-இல் முடிவு வெளியிட்டனர். ஓராண்டு முடிவில் குழாய் முறை மேம்பட்டதாகத் தெரியவில்லை. வலியளவில் சற்றுப் பின்தங்கியே இருந்தது. அதே நாட்டில் 613 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வு 2022-இல் வெளியாயிற்று. எண்டாஸ்கோப் முறை பழைய முறைக்குத் தாழ்ந்ததன்று என்பது அதன் முடிவு. ஆக, தேர்ந்த கையில் எம்முறையும் நன்முறையே. நோயாளி கேட்கவேண்டிய முதல் கேள்வி துளையின் அளவைப் பற்றியதன்று.

வட்டுப் பிதுக்கத்தால் துன்புறுவோரில் பெரும்பாலோர்க்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் வலி தானே தணிகிறது. பிதுங்கிய துண்டை உடலே கரைத்துக்கொள்வதும் உண்டு. அக்காலத்தில் படுத்தே கிடத்தல் வேண்டா, நடக்கலாம். சுமை தூக்குதல்தான் கூடாது. கடும் வலி வாரக்கணக்கில் நீடித்த 283 பேரிடம் நடத்திய நெதர்லாந்து ஆய்வொன்று 2007-இல் வெளியாயிற்று. உடனே அறுவைக்கு அனுப்பப்பட்டோர் விரைவில் தேறினர். காத்திருக்கச் சொல்லப்பட்டோருள் 39 விழுக்காட்டினர்க்குப் பின்னர் அறுவை தேவைப்பட்டது. ஏனையோர் அறுவையின்றியே தேறினர். ஓராண்டு கழிந்தபோது இரு சாராரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். எனவே அறுவை தருவது பெரும்பாலும் விரைவு.

அந்த விரைவு யாருக்குத் தேவை என்பதை முடிச்சூரில் நின்று பார்த்தல் வேண்டும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்து ஊரையே மூழ்கடித்த பின்னரும் அங்கே வீடு கட்டும் பணி ஓயவில்லை. மேற்குத் தாம்பரத்திலிருந்து செல்லும் சாலையின் இருமருங்கிலும் கல்லும் மணலும் சிமெண்டு மூட்டையும் சுமக்கும் சித்தாள்களைக் காணலாம். அவர்களுள் ஒருவரிடம் ‘ஆறு வாரம் சுமை தூக்காதீர்கள்’ என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அது மருந்துச்சீட்டா, பட்டினிச்சீட்டா? மாதச் சம்பளம் பெறும் நம்மைப் போன்றோர்க்குக் காத்திருத்தல் எளிது. நாட்கூலியாளரோ நோய் கேளாத அறுவையைக் கூலிக்காகக் கேட்கிறார். அல்லது வலிநிவாரணி ஊசியோடு மீண்டும் மூட்டையைத் தூக்குகிறார்.

தூக்கினால் என்னாகும்? கோவை கங்கா மருத்துவமனையில் மருத்துவர் எஸ். இராஜசேகரன் குழுவினர் 181 நோயாளரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு உலகக் கவனம் பெற்றது. ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரிடம் கோளாறு வட்டின் சுவரில் தொடங்கவில்லை. வட்டு எலும்போடு பொருந்தும் விளிம்பே பெயர்ந்திருந்தது. அறுவை, நரம்பை அழுத்தும் துண்டை எடுத்துவிடும்; பெயர்ந்த இடத்தை ஒட்டவைப்பதில்லை. சுமை திரும்பினால் பிதுக்கமும் திரும்பக்கூடும். துளை எத்துணைச் சிறிதாயினும் அதன் பின்னும் சில வாரங்கள் சுமையின்றி இருக்கவே வேண்டும்.

காத்திருக்கலாகாத நிலையும் உண்டு. சிறுநீர் வெளியேறாமை, இருக்கும் இடம் மரத்துப்போதல், பாதம் தூக்க இயலாமல் தொங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் எண்ணெய் தேய்த்தலும் வரம்பு தள்ளிய நாட்டு வைத்தியமும் ஆகா. 108-ஐ அழைத்து அன்றே பெரிய மருத்துவமனையை அடைதல் வேண்டும்.

இம்மலரைப் படிக்கும் பெரியவர்களிடம் ஒன்று கூற விழைகிறோம். அறுவைக்கென்று கடிதம் வந்தால் பைத்துல்மாலும் ஊர்ச் சங்கமும் பழைய மாணவர் பேரவையும் தயங்காமல் தருகின்றன. அரசின் முதலமைச்சர் காப்பீடும் மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. ஆனால் அறுவையைத் தவிர்க்க வல்ல ஆறு வார அரிசிக்கும் வாடகைக்கும் விண்ணப்பம் எழுத ஒரு படிவம்கூட இல்லை. மருத்துவமனை இரசீது இல்லாத துன்பம் நம் கண்ணுக்குப் படுவதில்லை போலும்!

உழையாமல் உண்ணப் பழகிவிடுவாரே என்று சிலர் ஐயுறலாம். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய ஈ.எஸ்.ஐ. திட்டம், நோயுற்ற ஆலைத் தொழிலாளிக்கு ஊதியத்தில் 70 விழுக்காட்டினை ஆண்டுக்கு 91 நாள்வரை வழங்குகிறது; மருத்துவர் சான்றே அதற்கு ஆதாரம். தாம்பரம் ஏற்றுமதி வளாகத்துத் தொழிலாளியைக் கேளாத அக்கேள்வியை, முடிச்சூர்ச் சித்தாளிடம் மட்டும் கேட்பது என்ன முறை?